குரலில் ஆள் இல்லை

எங்கள் நாடகத்துக்கு வந்த அபிப்பிராயங்களைப் படித்தால் எவனுக்கும் எங்கள் மேல் பொறாமை வரும். 'வேற லெவல் ப்ரோ.' 'புல்லரிச்சிடுச்சு.' 'அடுத்த எபிசோட் எப்போ?' கூடவே தீப்பிடித்து எரிகிற பொம்மைகள் ஒரு வரிசை. எனக்கு இதையெல்லாம் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். எது நன்றாக இருந்தது, எது உருப்படவில்லை என்று ஒருத்தனாவது சொல்வானா என்றால் மாட்டான். அப்படிச் சொன்ன ஆள் மொத்த உலகத்திலும் ஒருவர்தான். அவர் நாங்கள் நாடகம் பதிவுசெய்கிற அறைக்குப் பக்கத்து வீட்டு லாத்தா. அந்த லாத்தா எங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

லாத்தா என்றால் அக்கா. எங்கள் காரைக்காலில் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு என் அம்மா வயது இருக்கும். ஆனால் தெருவே லாத்தா என்றதால் நானும் லாத்தா என்றேன். அவரும் மறுக்கவில்லை.

நாங்கள் என்றால் நானும் தினேஷும். நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா, வீடு தருமபுரம். அவன் பூவத்துக்காரன், கல்யாணங்களுக்கு மைக்செட் போடுகிறவன். இரண்டு பேருமாகச் சேர்ந்து, போனில் கேட்கிற மாதிரி ஒரு விண்வெளி சாகச நாடகம் செய்தோம். விண்கலத்தின் பெயர் அரசலாறு. ஊரில் ஓடுகிற ஆற்றின் பெயர்தான். ஆற்றில்தான் பாதி நாள் தண்ணீர் இல்லை, பெயராவது மேலே போகட்டுமே என்று வைத்தோம். அது சனிக் கிரகத்துக்குப் போய், திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். வாரம் ஒரு பாகம். பள்ளிவாசல் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, சன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற அதற்குள் உட்கார்ந்து பேசுவோம்.

முதல் பாகத்துக்கு என்ஜின் சத்தம் வேண்டியிருந்தது. தினேஷ் தன் வீட்டு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மாவே இல்லாமல் ஓடவிட்டான். அது கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் வெள்ளை முக்காட்டோடு ஓர் அம்மாள் நிற்கிறார். அவர்தான் லாத்தா.

"என்னா தம்பி, வெறும் கிரைண்டர ஓட்டுறீங்க? கல்லு தேஞ்சுடாதா?"

தினேஷ் பெருமையாக, "அது கிரைண்டர் இல்லம்மா, ராக்கெட்டு" என்றான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "இல்ல தம்பி. இது கிரைண்டர்தான். கேக்குறவங்களுக்கு இட்லி ஞாபகந்தான் வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கோபமான கோபம். ஆனால் அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் இட்லி ஞாபகம்தான் வந்தது. என்ன செய்ய, அந்த என்ஜினைத் தூக்கிப் போட்டோம். மறுவாரமே, பாகத்தை வெளியிடுவதற்கு முன்னால் லாத்தாவிடம் போட்டுக் காட்டுவது என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம், மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால், அவர் வீட்டுக் கூடத்தில். அவர் வாடா சுட்டு வைத்திருப்பார். இறாலும் வெங்காயமும் வைத்த வாடா. அது மட்டும் இல்லாவிட்டால் அவ்வளவு திட்டையும் எந்த மானமுள்ளவனாலும் தாங்கியிருக்க முடியாது.

சனியின் ஒரு நிலவில் கடல் இருக்கிறது என்று கதையில் வந்தது. தினேஷ் பட்டினச்சேரிக்குப் போய் அலைச் சத்தத்தைப் பிடித்து வந்தான். லாத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"ஏந் தம்பி, சனி கெரகத்துல கெழங்கா மீனு விக்கிறாங்களா?"

மறுபடி போட்டுக் காதை ஒட்டவைத்துக் கேட்டோம். அலைக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு பொம்பளை மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதை ஐம்பது தடவை கேட்டவர்கள். தினேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் சத்தங்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் விளையாட்டு. குரல் விஷயத்தில்தான் அவர் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். நான் கேப்டனாகப் பேசியிருந்தேன். உருகி உருகிப் பேசியிருந்தேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. லாத்தா உதட்டைப் பிதுக்கினார்.

"குரல்ல ஆளு இல்ல தம்பி."

"அப்படின்னா?"

"பேச்சு வருது. பேசுறவன் வரல. எழுதி வச்சத வாசிக்கிற."

எங்களுக்கு அவர் வைத்த பரீட்சை அது ஒன்றுதான். ஆள் இருக்கிறதா இல்லையா. இருந்தால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" வாங்க நாங்கள் பட்ட பாடு நாய்கூடப் பட்டிருக்காது. இதெல்லாம் இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆற்றாமை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

அவர் குடும்பம் நடத்தியதே காதால்தான். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் புருஷன் சவுதிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் போன் ஏது? ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் முழுக்க அவர் பேசி அனுப்பினால், மறுபக்கத்தில் இவர் பேசி அனுப்ப வேண்டும். மாமியார், நாத்தனார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துதான் அதைக் கேட்பார்கள். எல்லாருக்கும் கேட்டது, 'நான் நல்ல சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்பட வேண்டாம்.' இவருக்கு மட்டும் அந்த மனுஷனுக்கு வேலை போய்விட்டது என்று கேட்டது.

"எப்படி லாத்தா?"

"சாப்புடுறேன்னு சொல்றப்ப எச்சி முழுங்குனாங்க."

ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்தவர்கள் சொல்லித்தான் அது நிஜம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. "பதிலுக்கு நீங்க என்ன பேசி அனுப்புனீங்க?" என்றேன். "நாங்களும் நல்லா இருக்கோம்னுதான். எனக்கு அப்ப மஞ்சக்காமால. அவங்களுக்கும் கேட்டிருக்கும். சொல்லிக்கல" என்றார்.

அந்த மனுஷர் அங்கேயே மவுத்தானார். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். உடல்கூட வரவில்லை, அங்கேயே அடக்கம். இப்போது மகனும் குவைத்தில். அவன் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாமே என்று நான் சொன்னபோது, லாத்தா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "மூஞ்சிய நம்பாதே தம்பி. சிரிச்சுக் காட்டிட்டுப் போயிடுவான். குரல வச்சுக்கிட்டு அவனால என்னைய ஏமாத்த முடியாது. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். நல்லா இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியணுமா வாணாமா?"

ஒரு பாகத்தில் விண்கலத்தின் என்ஜினியர் மூச்சுக்காற்றுத் தீர்ந்து சாகிறான். தினேஷ்தான் என்ஜினியர். நான் அவனுக்கு ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதியிருந்தேன். பூமியைப் பற்றி, மழையைப் பற்றி, மனித குலத்தைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டுத்தான் செத்தான். லாத்தா பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"சாவுறவன் இவ்வளவு பேச மாட்டான் தம்பி. அவங்க சவுதி ஆஸ்பத்திரிலேருந்து கடைசியா போன்ல பேசுனாங்க. மூச்சு வாங்குனிச்சு. 'புள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சிடுச்சா'ன்னு கேட்டாங்க. முடிஞ்சிடுச்சுன்னேன். அவ்வளவுதான்."

ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். எங்கள் என்ஜினியர், 'அந்த வால்வை மூடிட்டீங்களா?' என்று கேட்பான், மூடிவிட்டோம் என்பார்கள், அப்புறம் அவன் குரல் வராது. அந்தப் பாகத்துக்குத்தான் முதல்முறையாக ஜனங்கள் பொம்மையை விட்டுவிட்டு மனசு விட்டு எழுதினார்கள். பஸ்ஸில் அழுதேன் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். லாத்தாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். "பின்னாடி ஒரு புல்லாங்குழல் ஊதுறீங்களே, அது எதுக்கு? செத்தது தெரியாதா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட லாத்தா ஒரு சனிக்கிழமை, வாடாத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நல்லா இருந்துச்சு தம்பி" என்றார்.

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. தினேஷுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் பூவத்திலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து அல்வா வாங்கித் தந்தான். அடுத்த வாரமும் நல்லா இருந்துச்சு. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது தடவை எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் அந்த வாரம் நாங்கள் செய்தது படு மட்டம். நேரமில்லாமல் நான் ஏனோதானோவென்று வாசித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். பாங்கு ஆரம்பித்தால் முதல் எழுத்துக்கே லாத்தாவின் கை முக்காட்டை இழுத்துவிடும், பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சுட்டுக்கொண்டிருந்தாலும் சரி. அன்று பள்ளிவாசலில் பாங்கு பாதி முடிந்துவிட்டது. அவர் தலை திறந்தபடி என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு வாசலில் நின்ற பெண் தலையை மூடியதைப் பார்த்த பிறகுதான், அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். மரமண்டைக்கு எங்கே புரியப் போகிறது?

அடுத்த சனிக்கிழமை, தெருச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சொல்லி, ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் கொடு என்றார். விண்கலத்து டாக்டர் பெண் அழுகிற பாகம் இது என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முழுதும் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. அந்த டாக்டர் பொண்ணு அழுவுறது மனச என்னமோ பண்ணுது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, தினேஷ் போன் செய்தான்.

"அண்ணே, தப்பான ஃபைல அனுப்பிட்டேன்ணே. அதுல வசனமே இல்ல. என்ஜின் ஒறுமுறது மட்டுந்தான் இருக்கு. லாத்தாகிட்ட போட்டுடாதீங்க, கிழிச்சுத் தொங்கவிட்டுடும்."

நான் போனை வைத்துவிட்டு லாத்தாவைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் படித்துவிட்டார்.

"தெரிஞ்சு போச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு ஊரிலும் வெளியூரிலும் டாக்டர்களைப் பார்த்தேன். காது நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, திரும்பாது என்று எல்லாரும் ஒன்று போலவே சொன்னார்கள். மெஷின் வைத்துப் பார்த்தோம். பத்து நாள் வைத்திருந்துவிட்டு டப்பாவில் போட்டு மூடினார். "எல்லாச் சத்தமும் வருது தம்பி. பாத்திரம் விழுறது வருது, ஹாரன் வருது. அவன் பேசுனா தகரத்தத் தேய்க்கிற மாதிரி வருது, வார்த்த வரல" என்றார். சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

மகனிடம் சொல்லிவிடலாம் என்றேன், என் வாயைப் பார்த்து அவர் புரிந்துகொள்கிற மாதிரி மெதுவாக. பொறி பறக்கக் கோபம் வந்துவிட்டது.

"சொன்னா என்னா ஆவும் தெரியுமா? காது கேக்காதவகிட்ட எவன் பேசுவான்? மெசேஜு போட ஆரம்பிச்சிடுவான். அவன் பேசுறத நிப்பாட்டிட்டா அப்புறம் எனக்கு என்னா இருக்கு? எனக்குக் கேக்காட்டியும் பரவால்ல, அவன் பேசட்டும்."

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். அவன் பேசினால் கையில் அதிரும். நின்றால் பேச்சு நின்றது என்று அர்த்தம். பையன் கேட்பதும் தினமும் ஒரே வரிசைதான். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, அங்கே மழையா. அதிர்வு நிற்க நிற்க இவர் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே போவார். கடைசியில், "எனக்கு ஒரு கொறையும் இல்ல வாப்பா, நீ அங்கேயே நல்லபடியா இரு." அத்தோடு முடிப்பார். வாப்பா என்றால் அப்பா; பெற்ற மகனையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. அவன் கண்டுபிடிக்கவே இல்லை.

நாடகத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மட்டமான பாகங்களுக்கும் வேற லெவல் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கை ஓடவில்லை. அரசலாறு இன்னமும் சனிக்குப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நாள் கேட்டார்கள், அப்புறம் வேறு நாடகத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் லாத்தாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனேன். கூடத்தில் உட்கார்ந்து மகனோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் குரல் நன்றாகக் கேட்டது. அன்று அந்த வரிசையில் அவன் பேசவில்லை.

"உம்மா, இங்க கம்பெனில ஆளக் கொறைக்கிறாங்க. இன்னொரு எடத்துல ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எனக்கு முடியல உம்மா. ராத்திரில தூக்கமே இல்ல. ஊருக்கு வந்துடவா? நீங்க ஒரு வார்த்த வான்னு சொன்னா வந்துடுறேன்."

நின்றுவிட்டான். லாத்தாவின் கையில் அதிர்வு நின்றது.

"சாப்பிட்டேன் வாப்பா. மருந்தும் போட்டுட்டேன்" என்றார்.

நான் உள்ளே ஓடிக் கையை ஆட்டினேன். அவர் பதறிப்போய், பேசாதே, அவனுக்குக் கேட்டுவிடும் என்று எனக்கு விரலைக் காட்டினார். காட்டிக்கொண்டே போனைப் பார்த்துச் சிரித்த முகமாகச் சொன்னார்: "எனக்கு ஒரு கொறையும் இல்ல. நீ அங்கேயே நல்லபடியா இரு. அல்லா பாத்துக்குவான்."

அவன், "சரி உம்மா" என்றான். வைத்துவிட்டான்.

அவன் சொன்னதை என் போனில் பெரிய எழுத்தாகத் தட்டிக் காட்டினேன். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். உடனே அவனைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மணி அடிக்குதா? மணி அடிக்குதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடிக்கிறது என்று தலையை ஆட்டினேன். அவர் குரலிலேயே, வந்துவிடு என்று பேசி அனுப்பினோம். காது விஷயத்தை நான் தனியாகப் பேசி அனுப்பினேன். இந்தத் தடவை லாத்தா தடுக்கவில்லை.

அவன் அதைக் கேட்டது மறுநாள் மத்தியானம். காலையிலேயே கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டானாம். இடையில் வர முடியாதாம். 'நீங்கள் இருக்கச் சொன்னதும் அதுதான் சரியென்று பட்டது உம்மா, இரண்டு வருஷம்தானே' என்று எழுதியிருந்தான். எழுதத்தான் செய்திருந்தான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, மெசேஜ்தான். அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவான். லாத்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், குர்ஆன் ஓதத் தெரியும், அது தெரியாது. ஆகவே தினமும் கல்லூரி விட்டதும் நான் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, வாயசைத்துப் படித்துக் காட்டுவேன். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, அங்கே மழையா.

எனக்குப் புதுச்சேரியில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பும் வரைக்கும் அதைச் செய்தேன். கடைசியாகப் போனபோது மெசேஜைப் படித்து முடித்துவிட்டு எழுந்தேன். உட்கார் என்று கையைக் காட்டினார்.

"அன்னைக்கு வந்துடவான்னு கேட்டான்ல? நீ கேட்டியே. அப்ப அவன் குரல் எப்படி இருந்துச்சு?"

அழுகிற மாதிரி என்று வாயசைத்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்படிச் சொல்லாதே. நீதான் நாடகத்துல பேசுவியே. அவன் கேட்ட மாதிரியே கேட்டுக் காட்டு."

முடியாது லாத்தா என்றேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேறு வழியில்லை. மெதுவாக, அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கி, "எனக்கு முடியல உம்மா. ஊருக்கு வந்துடவா?" என்றேன்.

லாத்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வந்துடு வாப்பா" என்றார்.